காணாமல் போன நம்பை
நாளை ஒப்படைக்க வேண்டிய பைத்தான் இடுபணி. நேற்றிரவு உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு மேம்படுத்தினீர்கள், இன்று நிரலை ஓட்டினால், ‘நம்பை’ என்ற கணித நிரலகமே இல்லை என்கிறது கணினி. பதற வேண்டாம், அது அழியவில்லை.

பழைய உபுண்டுவில் இருந்தது பைத்தான் 3.10, புதியதில் 3.12. நிரலகங்களுக்கு ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறை வைத்திருக்கிறது. ‘பிப்’ மூலம் நீங்கள் நிறுவியது 3.10-இன் கோப்புறையிலேயே கிடக்கிறது, 3.12 அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அதை அப்படியே நகலெடுத்தால் போதாதா? போதாது. நம்பையின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டு, 3.10-க்கென்றே தொகுக்கப்பட்டது. மீண்டும் நிறுவத்தான் வேண்டும். ஆனால் 24.04-இல் ‘பிப்’ எளிதில் இணங்காது. உபுண்டுவின் பல கருவிகளே பைத்தானில் ஓடுவதால் இந்தக் காவல். மீறும் வழியும் உண்டு, வேண்டாம். ‘வென்வ்’ வசதியால் இடுபணிக்கெனத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நம்பையை நிறுவுங்கள். சில நிமிட வேலைதான்.