வெயிலே பகையான குழந்தைகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மரவள்ளியும் நிலக்கடலையும் அந்த வெயிலில்தான் விளைகின்றன. குழந்தைகளும் அதில்தான் ஓடியாடி வளர்கிறார்கள். ஆனால், மிக அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு அந்த வெயிலே நஞ்சாகிவிடுகிறது!

இரண்டு வயது நிறையுமுன்பே முகத்திலும் கைகளிலும் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் தோன்றும். தோல் வறண்டு போகும். வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசி நீர் வடியும். பள்ளிப் பருவத்திலேயே தோலில் புற்றுநோய் தலைகாட்டலாம். கறுத்த மேனிக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மையே. ஆனால், இவர்களுக்கு அந்தக் கறுப்பும் போதிய காவல் ஆகாது.

காரணம் என்ன?

இந்த நோய்க்கு 'ஜீரோடெர்மா பிக்மென்டோசம்' என்று பெயர். 1874-ல் இதை விவரித்தவர் வியன்னா நகரத்து டாக்டர் மோரிஸ் கப்போசி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் எல்லோருடைய தோலிலும் மரபணுக்களைச் சேதப்படுத்துகின்றன. உடல் அதை உடனுக்குடன் பழுது பார்த்துக்கொள்கிறது. இக்குழந்தைகளின் உடலில் அந்தப் பழுது பார்க்கும் வேலை சரிவர நடப்பதில்லை. இதை 1968-ல் கண்டறிந்தவர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த ஜேம்ஸ் கிளீவர்.

சொந்தத்தில் திருமணம்

தாய், தந்தை இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். பெற்றோருக்கோ ஒரு நோவும் இராது! ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. "மூத்ததற்கு வந்துவிட்டது, இளையதற்கு வராது" என்பது தவறான கணக்கு.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது, ஒரே பாட்டன் வழி வந்த குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். சொந்தத்தில் மணந்தவர்களுக்கெல்லாம் இந்த நோய் வந்துவிடாது. எனினும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், திருமணத்துக்கு முன்பே டாக்டரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

என்ன செய்யலாம்?

நோயை அடியோடு நீக்க மருந்து இல்லை. ஆனால், புற்றுநோயைப் பெருமளவு தடுக்கலாம். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவையே கவசம். விளையாட்டு, பொழுது சாய்ந்த பிறகு. வகுப்பில் இடம், ஜன்னலுக்கு அப்பால். வெயில் படாததால் குறையும் 'டி' வைட்டமினுக்கு டாக்டர் மாத்திரை தருவார். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலையும் கண்ணையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறு கட்டியாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் ஆபத்து குறைவு.

இது தொற்று வியாதி அல்ல. தெய்வக் குற்றமும் அல்ல. பெற்றவளின் குறையும் அல்ல. கரும்புள்ளியைக் கண்டதும் மந்திரிக்க ஓடாமல், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாயே, அதன் ஆயுளுக்கு நிழல் தருகிறாள்.