ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் தெளிவு

பூச்சி, பூவின் மகரந்தத்தாள், நாணயத்தின் எழுத்து போன்ற சிறு பொருள்களை மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ ஒளிப்படக் கலையில், வெளிச்சத்தைவிடவும் கேமராவின் விலையைவிடவும் அதிகமாகப் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது புல ஆழமே ஆகும். லென்ஸ் குவிந்திருக்கும் தளத்துக்கு முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் வரை படம் தெளிவாகத் தெரிகிறதோ, அந்தத் தூரமே புல ஆழம். ஒளிப்படக்காரர்கள் இதை ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்பார்கள். மலையையும் வயலையும் படமெடுக்கும்போது பல மீட்டர்களாக நீளும் இந்த ஆழம், எறும்பின் முகத்தருகே போகும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

கண்டிப்பாகச் சொன்னால், லென்ஸ் ஒரே ஒரு தளத்தை மட்டுமே முழுத் தெளிவோடு பதிவுசெய்கிறது. அத்தளத்திலிருந்து விலகியிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரின்மேல் ஒரு சிறு வட்டமாக விரிந்து விழுகிறது. அந்த வட்டம் போதிய அளவு சிறிதாக இருக்கும்வரை கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும். கையளவுத் தூரத்தில், அதாவது 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும் அச்சுப்படத்தில் ஏறத்தாழ 0.25 மி.மீ. வட்டம் வரை கண் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 36×24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்டக சென்சாரின் படம் எட்டு மடங்கு பெரிதாக்கப்படும்போது, சென்சாரில் அனுமதிக்கத்தக்க மங்கல் வட்டத்தின் விட்டம் 0.03 மி.மீ. என்று கிடைக்கிறது. பல காலமாகப் புழங்கிவரும் இந்த எண்தான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. ஆயினும் அது பார்க்கும் கண்ணையும் பார்க்கும் தொலைவையும் பொறுத்த ஓர் உடன்பாடே தவிர, இயற்கை விதி அன்று.

தொலைவுக் காட்சிகளுக்கான கணக்கில் லென்ஸின் குவியத் தூரம், பொருளின் தொலைவு என்று பலவும் குறுக்கிட்டாலும், அண்மைப் படத்தில் எல்லாமே உருப்பெருக்கம் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. பொருளின் உண்மை அளவோடு ஒப்பிட, சென்சாரில் விழும் பிம்பம் எத்தனை மடங்கு என்பதே உருப்பெருக்கம். இதை அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஓர் அளவுகோலைப் படமெடுத்து, சட்டகத்தின் அகலத்தில் 36 மி.மீ. அடங்கினால் 1 என்றும், 72 மி.மீ. அடங்கினால் 0.5 என்றும் முழுச் சட்டகக் கேமராவில் கொள்ளலாம். இதைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடும் வாய்பாடு: மொத்தப் புல ஆழம் = 2 × எஃப் எண் × மங்கல் வட்டம் × (உருப்பெருக்கம் + 1) ÷ உருப்பெருக்கத்தின் வர்க்கம். லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்குகிறது என்பது பலரும் அறிந்ததே.

எஃப் 8 என்று வைத்துக் கணக்கிட்டால், உருப்பெருக்கம் 0.1 ஆக இருக்கையில் ஆழம் சுமார் 53 மி.மீ. வருகிறது; 0.5 ஆகும்போது அது 2.9 மி.மீ.க்கும், 1 ஆகும்போது 0.96 மி.மீ.க்கும் இறங்குகிறது. வகுக்கும் இடத்தில் வர்க்கம் நிற்பதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம். வாய்பாட்டில் குவியத் தூரத்துக்கு இடமே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 60 மி.மீ. லென்ஸ் 100 மி.மீ. லென்ஸைவிட அதிக ஆழம் தரும் என்ற பரவலான நம்பிக்கை, பொருள் சட்டகத்தில் ஒரே அளவாகத் தெரியும்படி இரண்டாலும் எடுக்கும்போது பொய்த்துவிடுகிறது. நீண்ட லென்ஸால் கிடைப்பது பூச்சி மிரளாத இடைவெளியும், பின்னணியில் கூடுதல் மங்கலும் மட்டுமே.

ஆழம் போதாதென்றால் துளையைச் சுருக்கலாமே என்பது இயல்பாக எழும் கேள்வி. 8 மி.மீ. நீளமுள்ள ஒரு குதிக்கும் சிலந்தி கேமராவை நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கொண்டு, கண் முதல் வயிற்றின் நுனி வரை உருப்பெருக்கம் 1-இல் தெளிவாக்க எவ்வளவு எஃப் எண் வேண்டும் என்று கணக்கிட்டால் விடை 67 என வருகிறது. லென்ஸ்களில் வழக்கமாக இல்லாத அந்த எண் கிடைத்தாலும் பயனிராது. குறுகிய துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டாகிறது. 1835-இல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதன் கணக்கை வகுத்தார். மேலும், லென்ஸ் சென்சாரை விட்டு விலக விலக எஃப் எண்ணும் (உருப்பெருக்கம் + 1) மடங்காக வளர்வதால், 67 என்பது நடைமுறையில் 134 ஆகி, பச்சை ஒளியில் சுமார் 0.18 மி.மீ. வட்டைத் தரும், அனுமதித்த மங்கலைப் போல் அது ஆறு மடங்கு. உருப்பெருக்கம் 1-இல் எஃப் 11-க்கு மேல் போவது, ஆழத்தை வாங்கத் தெளிவையே விற்பதாகும். (நிக்கான் கேமராக்கள் இப்படி வளர்ந்த எண்ணையே திரையில் காட்டுவதால், அவற்றில் வாய்பாட்டின் ‘(உருப்பெருக்கம் + 1)’ என்ற பெருக்கலை முழுதாக விட்டுவிட வேண்டும்.)

ஆகவே சற்று விலகி நிற்பதே முதல் வழி. உருப்பெருக்கத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் எஃப் 11-இலேயே 8 மி.மீ. ஆழம் கிடைத்து, சிலந்தி முழுவதும் தெளிவாகிறது. ஆனால் அந்தப் படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மங்கல் வட்டமும் சேர்ந்து பெரிதாகி, கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். பொருளின் தட்டையான பக்கத்தைச் சென்சாருக்கு இணையாக வைப்பது அதைவிட நல்ல வழி. சிறகு மூடிய வண்ணத்துப்பூச்சியைப் பக்கவாட்டில் சரிநேராக எடுத்தால், 0.5 உருப்பெருக்கத்தில் எஃப் 8 தரும் 2.9 மி.மீ. ஆழமே சிறகு முழுமைக்கும் பெரும்பாலும் போதும்; கேமரா சிறிது சாய்ந்தாலும் சிறகின் ஒரு விளிம்பு மங்கிவிடும்.

தொலைவுக் காட்சியில் தெளிவு பின்புறமே அதிகம் நீளும். அண்மைப் படத்தில் அது முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிகிறது. சிலந்தியின் கண்மீதே குவித்தால் ஆழத்தின் முன்பாதி வெறும் காற்றில் வீணாகும் என்பதால், கண்ணுக்கு இம்மி பின்னே குவிப்பவர் கண்ணோடு முகத்து மயிரையும் சேர்த்துப் பெறுகிறார். கையில் பிடித்து எடுப்பவரின் உடல் அசைவே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். முக்காலி இல்லாதவர் தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்து, சரியாக விழுந்ததைத் தேர்ந்துகொள்வது நல்லது.

அசையாத பொருளுக்கு, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங் முறை உண்டு. இதிலும் கணக்கே வழிகாட்டி: உருப்பெருக்கம் 1-இல் எஃப் 5.6 தரும் ஆழம் 0.67 மி.மீ. என்பதால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு 0.5 மி.மீ. அடியெடுத்து நகர்த்தினால், 8 மி.மீ. உடலுக்கு 17 படங்கள் போதும்.

புதிதாக மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்கள், மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றை 45 பாகை சாய்வில் வைத்து, உருப்பெருக்கம் 1-இல் எஃப் 8-இல் படமெடுத்துப் பார்க்க வேண்டும். கணக்கின்படி அளவுகோலில் சுமார் 1.4 மி.மீ. தெளிவாக இருக்கும். அதைவிடக் குறைவான பகுதியையே தெளிவென்று தங்கள் கண் ஏற்கிறது என்றால், 0.03-க்குப் பதிலாக 0.02 என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.