கர்ணனின் வேலும் ஒன்பது ஸ்லாட்டும்

பொங்கல் விடுமுறையில் செஞ்சிக் கோட்டையையே களமாக வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடப் போகிறதாம், அந்த ஊர்க் கல்லூரி நண்பர் கூட்டம் ஒன்று. போகியன்று முதல் ஆட்டம். அதற்குள் விடை வேண்டும் என்று ஒரு கடிதம். அதே குழப்பத்தோடு வேறு ஊர்களிலிருந்தும் சில. பகடையைப் பற்றியோ வாள்வீரனைப் பற்றியோ ஒருவருக்கும் சந்தேகமில்லை. எல்லோரையும் படுத்துவது மந்திரவாதிதான்.

செஞ்சிக்காரர்களின் கேள்வி இது: “2024 புத்தகப்படி ஐந்தாம் லெவல் மந்திரவாதி ஒன்பது மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம். அவருக்கு ஸ்லாட்டும் ஒன்பது. அப்படியானால் மந்திரத்துக்கு ஒரு ஸ்லாட் என்று கணக்கா?”

இல்லை. இரண்டு ஒன்பதும் வெவ்வேறு கணக்கு, எண் ஒத்துப்போவதை வைத்து முடிச்சுப் போட வேண்டாம். தயார் செய்த மந்திரம் என்பது இன்றைக்கு எதையெல்லாம் ஏவலாம் என்ற பட்டியல். ஸ்லாட் என்பது அதற்கான செலவு. அந்த ஒன்பதில் நான்கு முதல் நிலை, மூன்று இரண்டாம் நிலை, இரண்டு மூன்றாம் நிலை. பழைய சினிமா கொட்டகையில் தரை, பெஞ்ச், பால்கனி என்று டிக்கெட் கிழித்ததைப் போல இதைப் பார்க்கலாம். தரை டிக்கெட்டோடு பால்கனிக்கு ஏற முடியாது. பால்கனி டிக்கெட் வைத்திருப்பவர் தரையில் வந்து உட்காருவதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம், மூன்றாம் நிலை ஸ்லாட் இல்லாமல் அது கிளம்பாது. மேஜிக் மிசைல் முதல் நிலை. அதை மூன்றாம் நிலை ஸ்லாட்டில் ஏவினால் மூன்று அம்புக்குப் பதில் ஐந்து கிடைக்கும். இருக்கிற இரண்டு பெரிய ஸ்லாட்டையும் ஃபயர்பாலுக்கே செலவழித்தாலும் யாரும் கேட்க முடியாது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் பழைய புத்தகங்கள். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்கிறான். சொன்ன கணத்தில் அது மூளையிலிருந்து அழிந்துபோகிறது. 1974இல் ஆட்டத்தை வெளியிட்ட கேரி கைகாக்ஸுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அதனால் ஆரம்பகாலப் பதிப்புகளில் ஃபயர்பாலை இரண்டு தடவை விட வேண்டுமானால் காலையில் அதை இரண்டு தடவை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பட்டியலையும் ஸ்லாட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. வீட்டில் அண்ணன் வைத்திருந்த பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதுவரை எளிது. என்னை உறுத்துவது வேறு.

ஸ்லாட் ஏன் ஒன்பது? 2014இல் ஆட்டம் நடத்துபவருக்கென்று வந்த புத்தகம், ஒரு குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டது. எட்டு மோதலுக்கு ஒன்பது ஸ்லாட் என்றால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஸ்லாட் கேட்கும் ஒரு மந்திரம்; மற்ற நேரத்துக்குச் செலவில்லாத கேன்ட்ரிப். இந்தக் கஞ்சத்தனத்தில்தான் மந்திரவாதியும், நாள் முழுக்கக் கை சளைக்காமல் வீசும் வாள்வீரனும் சமமாகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஆடுகிற கூட்டத்தில் எட்டுச் சண்டை எங்கே நடக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்புறம் எட்டு மணி நேர ஓய்வு, ஸ்லாட்டெல்லாம் திரும்பி வந்துவிடும். ஆக மந்திரவாதி முதல் சண்டையிலேயே இரண்டு ஃபயர்பாலையும் கொளுத்துகிறார். ஒவ்வொன்றுக்கும் எட்டு அறுமுகப் பகடை, சராசரிச் சேதம் 28. வாள்வீரனாக ஆடும் தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். எல்லா வகுப்புகளும் சமநிலையில் இருப்பதாகச் சொல்வது விற்பவர்களின் வழக்கம். அந்தச் சமநிலை எட்டுச் சண்டை நாளுக்கானது என்பதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. 2024 பதிப்பில் அந்த ஆறு-எட்டுக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். மந்திரவாதியின் ஸ்லாட் அட்டவணையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். நோயைக் குறிப்பிட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

இதற்கு மருந்து என்ன என்று செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையே இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கர்ணன் கதை தெரியும். இந்திரன் கொடுத்த வேலை ஒரே ஒரு முறைதான் எறிய முடியும். அர்ஜுனனுக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான் கர்ணன். கண்ணன் கடோத்கசனை இரவுப் போருக்கு அனுப்பினான். கௌரவர் சேனை சிதறியது. வேறு வழியில்லாமல் வேல் கடோத்கசன்மேல் பாய்ந்தது. அர்ஜுனன் பிழைத்தான். கர்ணனின் கடைசி ஸ்லாட்டைக் கண்ணன் கறந்த விதம் இருக்கிறதே, ஆட்டத்தை நடத்தும் நல்ல டிஎம் ஒருவர் செய்ய வேண்டியது அதுதான்.

அதற்குச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றைவிடத் தோதான களம் கிடைக்காது. ஏறுகிறவன் உச்சிக்குப் போவதற்குள் களைத்துப்போக வேண்டும் என்றே கட்டிய கோட்டை அது. உள்ளே போன மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க 1690இல் வந்த முகலாயப் படை 1698 வரை வெளியே கிடந்தது. கல்யாண மகால் பக்கத்தில் ஒரு கைகலப்பு, களஞ்சியத்தில் ஒன்று, படிக்கட்டில் வாசலுக்கு வாசல் சில்லறைத் தொல்லை என்று வையுங்கள். பெரிய எதிரி உச்சியில் இருக்கட்டும். நடுவில் எட்டு மணி நேரம் தூங்க விடாதீர்கள். நிஜக் கோட்டையில் சாயங்காலமானால் கீழே இறக்கி விட்டுவிடுவார்கள்; ஆட்டத்தில் அந்தக் கண்டிப்பு டிஎம் கையில்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஐந்தாம் லெவலில் ஐந்தாம் நிலை மந்திரம் வராது. மந்திரவாதிக்கு அது ஒன்பதாம் லெவலில்தான். ஒரே முறையில் இரண்டு மந்திரம் ஏவலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: 2024 விதிப்படி ஒரு முறைக்கு ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம், கூடவே கேன்ட்ரிப் ஏவத் தடையில்லை. கான்சென்ட்ரேஷன் தேவைப்படும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடி விழுந்தால் 10 அல்லது சேதத்தில் பாதி, எது அதிகமோ அதைப் பகடையில் எட்டியாக வேண்டும். ரிச்சுவலாகச் செய்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், ஸ்லாட் மிச்சம். வாயைக் கட்டிவிட்டால் உச்சரிக்க வேண்டிய மந்திரம் எதுவும் நடக்காது. புத்தகம் வாங்கியே தீர வேண்டுமென்பதில்லை: 2023 ஜனவரியில் ஆட்டத்தின் உரிமத்தைப் பற்றிய சண்டை முற்றியபோது அதை வெளியிடும் நிறுவனம் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டது, 2024 விதிகளின் சுருக்கமும் பின்னர் அப்படியே வந்தது.

உச்சிக்கு முன்னுள்ள பிளவில் மரப்பாலம் வைத்திருக்கிறோம், அதன்மேல் ஃபயர்பால் விட்டால் பாலம் எரியுமா என்பது கடைசிக் கேள்வி. எரியும், யாரும் உடுத்தாத, கையில் பிடிக்காத, தீப்பற்றக்கூடிய பொருளெல்லாம் பற்றும் என்கிறது விதி. விடுவதற்கு முன் உங்கள் ஆட்கள் எல்லோரும் பாலத்தைக் கடந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள்.