டிஜிமானைக் கண்டுகொண்ட மூளை

டிஜிமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்கள் என்றால் அந்தச் சிறுவனுக்கு உயிர். அவனுக்கு ஆட்டிசம் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து மனித முகங்களைக் காட்டினார்கள். முகங்களுக்கென்றே விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி அவனிடம் பேசாமல் இருந்தது. டிஜிமான் படங்கள் வந்ததும் அதே பகுதி சுறுசுறுப்பானது! 2005-இல் வெளியான அந்த ஆய்வு ஒரே ஒரு சிறுவனைப் பற்றியதுதான். ஆனாலும் அது எழுப்பிய கேள்வி பெரியது: அந்தப் பகுதி பழுதாகியிருந்தால் டிஜிமானுக்கு மட்டும் எப்படி வேலை செய்யும்?

ஃபியூசிஃபார்ம் முகப் பகுதி என்று அதற்குப் பெயர். மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம் வலுவாக இருக்கும். 1997-இல் ஆய்வாளர் நான்சி கான்விஷர் குழுவினர் இதை விளக்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முகங்களைக் காட்டும்போது இது மந்தமாக இருப்பதாக 2000-இல் யேலின் ராபர்ட் ஷுல்ட்ஸ் அறிவித்தார். உடனே, கோளாறு இங்கேதான் என்று பலரும் நினைத்தார்கள்.

கண் எங்கே போகிறது என்பதை அப்போது யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. 2002-இல் அமி க்ளின் குழு ஒரு பழைய ஹாலிவுட் படத்தைப் போட்டுக்காட்டி, பார்ப்பவர்களின் விழி அசைவைப் பதிவுசெய்தது. மற்றவர்கள் நடிகர்களின் கண்களையே பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வை வாய்க்கும், உடம்புக்கும், சுற்றியிருந்த பொருள்களுக்கும் போனது. 2004-இல் ஆய்வாளர் நுஷின் ஹஜிகானி, முகப்படத்தின் நடுவே ஒரு குறியை வைத்து அதையே பார்க்கச் சொன்னார். அப்போது அந்த முகப் பகுதி ஆட்டிசம் உள்ளவர்களிடமும் வேலை செய்தது.

அப்படியானால் ஏன் கண்களைத் தவிர்க்கிறார்கள்? அக்கறை இல்லை என்பது நாம் அவசரப்பட்டுச் சொல்லும் தீர்ப்பு. 2005-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அந்த அளவுக்கு அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலாவின் செயல்பாடும் கூடியிருந்தது. 2017-இல் ஹஜிகானி குழு கண்களையே பார்க்கும்படி செய்தபோதும் மூளையின் ஆழத்து எச்சரிக்கைப் பகுதிகள் மிகையாகத் தூண்டப்பட்டன. கண்ணோடு கண் பார்ப்பது எரிவதுபோல இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ளவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை நாம் முன்பே காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆட்டிசம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தையின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, “என் கண்ணைப் பார்த்துப் பேசு” என்று அதட்டாதீர்கள். சுவரைப் பார்த்தபடியே அந்தக் குழந்தை நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.