இரவில் மூச்சுவிடும் தோட்டம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் பாலைவனத் தாவரங்களுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. 140 ஏக்கர் நிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான செடிகள். பாலைவனத்தைப் பலர் வெறும் தரிசாக எண்ணிய காலத்தில் அதைக் காக்க முன்வந்தவர் குஸ்டாவ் ஸ்டார்க். அவருக்குத் துணைநின்றவர் கேர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற பெண்மணி. 1939இல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் நிர்வாக சபையின் முதல் தலைவியும் அவரே.

கள்ளிகளும் ஆனைக்கற்றாழை இனங்களும்தான் இங்கு முக்கியமான சேகரிப்புகள். (நம் நாட்டின் புந்தல பகுதியில் முட்புதராகப் பரவித் தொல்லை தரும் நாகதாளியும் அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளியே.) ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது சவாரோ என்னும் தூண்கள்ளி. நாற்பது அடிக்கு மேலும் உயரும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதன் பொறுமையோ வியப்புக்குரியது. முதல் எட்டு ஆண்டுகளில் ஓரிரு அங்குலந்தான் வளரும். பெரிய மரமொன்றின் நிழலில் ஒதுங்கித்தான் குழந்தைப் பருவத்தைக் கழிக்கும். முதல் கிளை விட ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். வெண்ணிறப் பூக்கள் இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் வாடிவிடும். வௌவால்களும் புறாக்களும் தேனீக்களும் தேனருந்த வரும். பழத்தைத் தொஹோனோ ஓதாம் எனும் பழங்குடி மக்கள் நீண்ட கோலால் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள்.

நீரில்லா நிலத்தில் இது பிழைப்பது எப்படி? பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். கள்ளி பகல் முழுவதும் வாய்களை மூடிக்கொள்ளும். இரவுக் குளிர்ச்சியில் திறந்து, எடுத்த வாயுவை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். படைத்தவன் அதற்கு இரவைத்தான் மூச்சுவிடும் நேரமாக வைத்திருக்கிறான்.

ஆபத்தும் அங்கேதான் வந்தது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. பல இரவுகளில் அது 32 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. பகல் வெயிலைத் தாங்கப் பழகிய கள்ளிகளுக்கு வெந்த இரவுகளைத் தாங்க முடியவில்லை. சீமெந்தும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளிவிடும் நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். சில சவாரோக்கள் கிளைகளை இழந்தன. சில அடியோடு சாய்ந்தன.

சாய்ந்ததற்குப் பதிலாக ஒரு கன்றை நடலாம். ஆனால் அது முதல் கிளை விடுவதை நட்டவரின் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். ஆகவே எஞ்சி நிற்பவற்றைக் கணக்கெடுக்கும் பணியில் பூங்கா நகரமக்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தம் தெருவிலுள்ள சவாரோவைப் படம் பிடித்து அவர்கள் அனுப்புகிறார்கள்.