செய்தித்தாளும் வேட்பாளரும்: விருதுநகர் தரும் பாடம்

தேர்தல் நெருங்குங்கால் வேட்பாளரை நேரில் கண்டோர் சிலர். அவரைப்பற்றி வாசித்தோர் பலர். ஆகவே, செய்தியானது அறிவிப்பதோடு நில்லாமல் நம்மை ஒரு பக்கம் சாய்க்கவும் முற்படுவது எவ்வாறு என ஆராய்வது, சபையை நடத்துவோரின் கடமையுமாகும். அப்பட்டமான பொய்யை எளிதில் கண்டுகொள்ளலாம். மெய்யான விவரங்களைக்கொண்டே நம்மை இணங்கவைக்கும் முறைகள்தாம் கூர்ந்து நோக்கத்தக்கவை.

1967ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராஜர், தாம் பிறந்த ஊராகிய விருதுநகரில் போட்டியிட்டார். தி.மு.க. சார்பில் எதிர்த்து நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். ‘மாணவர் வென்றார்’ என்று தலைப்பிட்டால் இளமையின் எழுச்சி தோன்றும். ‘பெருந்தலைவர் தோற்றார்’ என்றால் நன்றி மறந்த ஊர் தோன்றும். ‘1,285 வாக்கில் முடிவு’ என்றால் ஏறக்குறையச் சமமாய்ப் பிரிந்த தொகுதி தோன்றும். மூன்றும் மெய்யே, ஆயினும் வாசகரை வெவ்வேறு இடங்களில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

அந்நாளில் முரசொலி தி.மு.க.வுக்காகவும், நவசக்தி காங்கிரசுக்காகவும் எழுதின. பெரியாரின் விடுதலை காமராஜரை ஆதரித்தது. சார்பு வெளிப்படையாயிருந்தமையால் வாசகர் அதற்கேற்ப எடைபோட இயன்றது. சார்பு மறைந்திருக்கும்போதே இடர் மிகுதி. அது மறைந்திருக்கும் இடங்கள் ஐந்தைக் காண்போம்.

முதலாவது, வினைச்சொல். ஒருவர் ‘விளக்கினார்’, மற்றவர் ‘சமாளித்தார்’ என எழுதினால் தீர்ப்பு அச்சொல்லிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, படம். 1967 ஜனவரி 12இல் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் காணப்பட்ட படம் சுவரொட்டிகளாய்ப் பரவிற்று. மேடையேற இயலாதவருக்காகப் படமே பேசிற்று. பரங்கிமலையில் அவர் வென்றார்.

மூன்றாவது, அடைமொழி. 2024ஆம் ஆண்டு விருதுநகர் மக்களவைத் தொகுதியில் மாணிக்கம் தாகூர், விஜய பிரபாகரனை 4,379 வாக்குகளில் வென்றார். ராதிகா சரத்குமார் மூன்றாமிடம் பெற்றார். ‘நடிகரின் மகன்’, ‘நடிகை’ என்னும் அறிமுகங்கள் மெய்யே. எனினும் அவையே தலைப்பை நிரப்பினால், வேட்பாளர் செய்யவிருப்பது யாதெனும் கேள்வி உள்பக்கத்துக்குப் போய்விடும்.

நான்காவது, மௌனம். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டனர். ஏப்ரல் 6இல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இத்தகைய வட்டாரத்தில் ஒரு செய்தி, கூட்டத்தின் அளவையும் மாலைகளின் எண்ணிக்கையையும் கூறி, தொழிலாளரின் பாதுகாப்புக்கு வேட்பாளர் காட்டும் வழியைக் கேளாமல் விடுமாயின், அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பட்டாசு அறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு வேண்டிய செய்தியும் அதில் இல்லை.

ஐந்தாவது, விலை. பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடும் வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் ஆராய்ந்து கண்டித்தது. இதனைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் மாவட்டந்தோறும் குழு அமைக்கிறது. ஒரே கட்டுரை சொல் மாறாமல் இரு தாள்களில் வருமாயின் நாம் ஐயுறலாம்.

யாருக்கு வாக்களிப்பது என்று கூறுவது நம் பணியன்று. முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தோன்றினும், அயலான் வந்து அவனைச் சோதிக்கிறான் என நீதிமொழிகள் 18:17 கற்பிக்கிறது. எனவே எதிர்த்தரப்புத் தாளையும் வாசிப்போமாக. இச்செய்தியை யார் சொல்லுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் எனக் கேட்போமாக. நமக்குப் பிடித்த வேட்பாளரைப் புகழும் செய்தியிடமும் இக்கேள்விகளைக் கேட்பதே கடினம். அதுவே மெய்யான சோதனை. பெட்டியின் மேலுள்ள வண்ணப்படத்தைக்கொண்டு வெடியின் தரத்தை அறிவோர் சிவகாசியில் எவருமிலர். பத்திரிகையின் தலைப்புக்கும் அவ்வளவுகோலே பொருந்தும்.