சூட்டில் உறையும் கூழ்

"முழங்கால் ஜவ்வை ஆய்வகத்தில் வளர்த்து வைக்கிறார்களாமே, நிஜமா?" என்று கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

நிஜம்தான். சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 23 பேருக்குச் செய்து பார்த்து 1994-இல் வெளியிட்ட முறை அது. ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்பை நோயாளியிடமிருந்தே கொஞ்சம் கிள்ளி, செல்களைப் பிரித்து, பெருக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் வைப்பார்கள்.

பெருக்குவதில்தான் வில்லங்கம். பிளாஸ்டிக் தட்டில் செல்கள் மளமளவென்று பெருகும். ஆனால் உருண்டையாக இருந்தவை நீண்டு படர்ந்து, மூட்டுக்கு வேண்டிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு, தழும்பில் இருக்கிற முதல் வகையைச் சுரக்கத் தொடங்கிவிடும். ஆள் கூடும், குணம் போகும். குருத்தெலும்பு வாழும் சூழலோ வேறு. அதற்குள் ரத்தக்குழாயே கிடையாது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் அங்கே ஐந்துக்கும் கீழே. அதனால் வளர்ப்புப் பெட்டியில் ஆக்சிஜனைக் குறைத்தும், செல்லைக் கூழுக்குள் பொதிந்தும் பார்க்கிறார்கள்.

அந்தக் கூழ்களில் ஒன்று எனக்குத் தீராத வியப்பு. சென்னையின் நிச்சி-இன் மறுஉருவாக்க மருத்துவ மையம் ஜப்பானியர்களோடு சேர்ந்து அதைக் குருத்தெலும்புச் செல்லுக்குப் பயன்படுத்திப் பார்த்தது. நம்மூர்க் கடலைமிட்டாய்ப் பாகு அடுப்பில் இருக்கும்வரை இளகி நிற்கும். பலகையில் பரப்பி ஆறுவதற்குள் துண்டு போடாவிட்டால் கல்தான். இந்தக் கூழ் அதற்கு நேர் எதிர். குளிரில் தண்ணீராக ஓடும், உடல் சூட்டில் உறையும். குளிரில் நீரோடு ஒட்டிக்கிடக்கும் பாலிமர் இழைகள், சூடேறியதும் நீரை உதறி ஒன்றையொன்று பற்றி வலை கட்டிக்கொள்கின்றன. செல்லுக்கு எல்லாப் பக்கமும் பிடிமானம் கிடைக்கிறது. தட்டில் ஒட்டிய செல்லைப் பெயர்க்க நொதி ஊற்ற வேண்டும். இங்கே குளிரவைத்தால் போதும், தானே கழன்றுவரும்.

ஆனால் அம்மா, இந்தச் சிகிச்சை அடிபட்டு ஓரிடத்தில் பெயர்ந்த குருத்தெலும்புக்குத்தான். முழுக்கத் தேய்ந்த மூட்டுக்கு இல்லை. தரையில் சம்மணமிட்டுப் பெட்டி ஒட்டி வலி கண்ட முழங்கால்களுக்கு முதலில் வேண்டியது உயரமான ஒரு மேசை. அதைப் போட்டுத்தரப் பல இடங்களில் முதலாளிகளுக்கு மனசு வருவதில்லை. இந்த வலியைத்தான் 'ஸ்டெம் செல் ஊசி' விற்பவர்கள் முதலாக்குகிறார்கள். மூட்டுக்கு ஸ்டெம் செல் என்பதை ஆய்வுக்குள் மட்டுமே செய்யவேண்டும் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆகவே பணம் கட்டுமுன் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.